ஃபிஷர் எஸ்-பவுண்ட் 98: பலகைக்கு முன் பூட்ஸ்

இயந்திரம் போட்டுவைத்த தடத்தை விட்டு விலகிக் காட்டுக்குள்ளும் போக நினைப்பவர்களுக்கான ஸ்கீ, ஆஸ்திரியாவின் ஃபிஷர் தயாரிக்கும் எஸ்-பவுண்ட் 98. அகலம் முன்பக்கம் 98 மி.மீ., நடுவில் 69, வால்பக்கம் 88. ஓரம் நெடுக எஃகு விளிம்பு. பாதத்துக்கு நேர்கீழே, அடிப்பரப்பில் செதில் வரிகள். ஏறும்போது பின்னால் சறுக்காமல் அந்த வரிகள் பனியைப் பற்றிக்கொள்ளும். பனி உருகுவதும் உறைவதுமாக இருக்கும் 0 டிகிரி நாட்களில் பிடிமான மெழுகு பூசுபவர் படும் பாடு இதில் இல்லை. இறக்கத்தில் வேகம் சற்றுக் குறையும், வரிகள் உர்ரென்று சத்தமும் போடும்; பொறுத்துக்கொள்ளலாம். இறுகிய பனியில் மட்டும் செதில் கைவிடும். அப்போது நுனித் துளையில் மாட்டி, அடியில் ஒட்டும் குட்டைத் தோல் தேவைப்படும்.

ஆனால் இந்த ஸ்கீ நல்லதா என்பதைப் பலகையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. குதிகால் எதிலும் பூட்டப்படாத அமைப்பு இது. பலகையை ஓரமாகச் சாய்க்கும் விசை பெரும்பாலும் பூட்ஸின் பக்கவாட்டு விறைப்பு வழியாகத்தான் போய்ச்சேர வேண்டும். மெத்தென்ற பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறுகிய சரிவில் திரும்பினால் கணுக்கால் முறுக்கிக்கொள்ளும், பலகை தன் போக்கில் நேரே போகும். அகலம் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். ஆகவே, காலுக்குப் பொருந்தும் விறைப்பான பூட்ஸை முதலில் தேடுங்கள், அதைப் பலகையோடு இணைக்கும் பைண்டிங் அடுத்தது, பலகை கடைசி. பைண்டிங்கில், மூன்று ஊசி கொண்ட பழைய 75 மி.மீ., என்.என்.என். பி.சி., ராட்டெஃபெல்லா நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த எக்ஸ்ப்ளோர் என்று மூன்று முறைகள் உண்டு. ஒன்றின் பூட்ஸ் மற்றதில் மாட்டாது. தள்ளுபடியில் பைண்டிங்கோடு கிடைக்கிறதே என்று பலகையை வாங்கிவிட்டால், பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கேயே பறிபோகிறது.

விறைப்பான, கனமான பூட்ஸ் நாள் முழுவதும் நடக்கத் தோதுப்படுமா என்பார்கள். தடத்திலேயே நாளைக் கழிப்பவருக்குத் தோதுப்படாதுதான். அவருக்கு இந்த ஸ்கீயும் வேண்டாம், 98 மி.மீ. நுனி தடத்துக்குள் அடங்காது. அப்படியானால் மலையேற்றத்துக்கான பிளாஸ்டிக் பூட்ஸும் குதிகால் பூட்டும் பைண்டிங்குமாகப் போய்விடலாமே? செங்குத்துச் சரிவுதான் குறி என்றால் தாராளமாக. கூடவே பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் 457 கிலோஹெர்ட்ஸ் கருவி, ஆய்வுக்கோல், மண்வெட்டி மூன்றும் பையில் இருக்கட்டும். மேடும் பள்ளமுமான நீண்ட தூரத்துக்கோ அந்தப் பிளாஸ்டிக் பூட்ஸும் குதிகால் பூட்டும் பைண்டிங்கும் வீண் சுமை.

பலகையின் நீளத்தை உங்கள் உயரத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கடையின் சமதரையில், சுமக்கப்போகும் பையோடு இரண்டு பலகையிலும் ஏறி நின்று, பாதத்துக்கு அடியில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் நகர வேண்டும். முழு எடையையும் ஒரே காலுக்கு மாற்றினால் அதே தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். அப்போதும் வழுக்கிக்கொண்டு வந்தால் செதில் பனியைத் தொடப்போவதில்லை. ஓர் அளவு குட்டையானதைக் கேளுங்கள்.