பிளம்பர் வரவில்லை

இலஞ்சிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போன நண்பர் போன வாரம் போன் பண்ணினார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், ‘பதினோரு நாளாச்சு சார், பிளம்பர் வரலை’ என்றார். ‘கேட்டா நாளைக்கு வாரேங்கிறான். இந்த ஊர்ல நாளைன்னா என்னன்னே புரியலை.’

சென்னையில் முப்பத்திரண்டு வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டியவர். ரிட்டயர் ஆன கையோடு குற்றால மலை தெரிகிற மாதிரி ஓர் இடம் வாங்கினார். முதல் மாதம் அவரிடமிருந்து தினம் ஒரு படம் வரும். மலைமேல் மேகம். வயலில் கொக்கு. மொட்டை மாடியில் டீ டம்ளர். கீழே ‘சொர்க்கம்’ என்று ஒற்றை வார்த்தை. மூன்றாவது மாதம் படங்கள் நின்றன. போன் ஆரம்பித்தது. காற்றில் கதவு அறைந்து கண்ணாடி போச்சு. குரங்கு வந்து தயிர் பாக்கெட்டைத் தூக்கிப் போச்சு. சாரல் நாளில் துணி காய மாட்டேங்குது, போர்வையெல்லாம் ஒரே நாற்றம். மத்தியானம் மருந்துக் கடை பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டம்மா சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, பையனுக்கு அமெரிக்காவில் என்ன சம்பளம் என்று கேட்கிறார்.

நான் சிரித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சிரித்ததற்குக் காரணம் அவரில்லை. இதே புலம்பலை, கிட்டத்தட்ட இதே வரிசையில், நான் ஏற்கெனவே ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன்.

எழுதியவர் பீட்டர் மேல். லண்டனிலும் நியூயார்க்கிலும் விளம்பரத் துறையில் இருந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு, மனைவியோடு தெற்கு பிரான்ஸில் லூபெரோன் மலையடிவாரத்துக்குப் போய், மெனெர்ப் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்வீட்டை வாங்கினார். அந்த அனுபவத்தை 1989-இல் ‘எ இயர் இன் ப்ராவென்ஸ்’ என்று புத்தகமாகப் போட்டார். மாதத்துக்கு ஓர் அத்தியாயம். ஜனவரியில் மிஸ்ட்ரல் என்கிற குளிர்காற்று அடித்து வீட்டுக் குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன. கொத்தனார்கள் வருகிறார்கள், சுவரை உடைக்கிறார்கள், அப்புறம் காணாமல் போகிறார்கள். கோடையில் லண்டனிலிருந்து தெரிந்தவர், அரைகுறையாகத் தெரிந்தவர் எல்லாம் இலவசமாகத் தங்க வருகிறார்கள். நடுநடுவே சாப்பாடு. பக்கம் பக்கமாகச் சாப்பாடு.

டிசம்பர் வந்தும் வீட்டு வேலை முடிந்தபாடில்லை. அப்போது மேலின் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. வேலை முடிந்ததைக் கொண்டாட ஒரு பார்ட்டி வைத்து, வேலைக்காரர்களை மனைவியோடு கூப்பிட்டால் என்ன? வீட்டுக்காரி வந்து பார்க்கப் போகிறாள் என்றதும் அரைகுறைச் சுவரை விட்டு வைக்க எந்த மேஸ்திரிக்கு மனசு வரும்? மளமளவென்று முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நல்ல புத்தகமா? ரயிலில் படிக்க ரொம்ப நல்ல புத்தகம். தன்னையும் சேர்த்துக் கிண்டல் பண்ணிக்கொள்கிறார், கஷ்டத்தை மறைக்கவில்லை. ஆனால் ஒரு குறை, இரண்டாம் தடவை படிக்கும்போது உறுத்துகிறது. அதில் ஊர்க்காரர்கள் எல்லாருமே வேடிக்கை மனிதர்கள். பிளம்பர் வந்தால் குளிரைப் பற்றி ஒரு சித்தாந்தமே பேசுவார். சரி, வராத நாளில் அவர் எங்கே போனார்? யார் வீட்டில் வேலை? எத்தனை பேருக்குச் சோறு போடுகிறார்? அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1993-இல் பி.பி.சி. தொடராக எடுத்தது. வாசகர்கள் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தார்கள். தாங்க முடியாமல் மேல் அந்த வீட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அப்புறம் திரும்பி வந்தபோது வேறு கிராமம். 2018-இல் காலமானார். விளம்பரக்காரர், தன்னையறியாமல் சொந்த வீட்டுக்கே விளம்பரம் கொடுத்துவிட்டார்.

அவரைப் பார்த்துப் போனவர்களும், அவருக்கு முன்பே போனவர்களுமாக, பிரெஞ்சு கிராமங்களில் ஆங்கிலேயர்கள் நிறைய. தோர்தோன் பகுதி இதற்குப் பேர்போனது. அவர்கள் புலம்பல் இன்றைக்கும் தீரவில்லை. பன்னிரண்டு மணி அடித்தால் கடையை மூடிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். வீட்டை விற்பதென்றால் செப்டிக் டேங்க் சரியாக இருக்கிறதா என்று ஆய்வு அறிக்கை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேயர் ஆபீஸ், ஃபாரம், நகல். 2020-இல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியது. 2021 முதல், குடியிருப்பு உரிமையோ விசாவோ இல்லாதவர்கள் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். சொந்த வீட்டிலேயே நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்னொரு சங்கடம், பிரெஞ்சில் நம்மைப் போலவே ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பிப்பார் என்று பத்து வருஷம் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘யூ’தான். அவர்களுக்கு அந்தக் கவலை புதுசு.

குற்றாலத்துக்கு இந்த மாதிரி விருந்தாளிகள் புதிதில்லை. கம்பெனி காலத்திலேயே துரைமார்கள் இங்கே பங்களா கட்டினார்கள், ஜாதிக்காயும் கிராம்பும் பயிர் பண்ணிப் பார்த்தார்கள். ஆரியங்காவுக் கணவாயில் மலை கொஞ்சம் வழி விடுகிறது. அந்தச் சந்து வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் புகுந்து வந்து, மற்ற ஜில்லாவெல்லாம் காயும்போது இங்கே மட்டும் சாரலைத் தூவிவிட்டுப் போகிறது. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதே காற்று. நண்பர் வீட்டுக் கண்ணாடியை உடைத்ததும் அதுதான். சாரல் வேண்டும், காற்று வேண்டாம் என்றால் எப்படி?

இப்போதைய அலை வேறு. ஸோஹோ 2011-இல் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் 2019 வாக்கில் அங்கேயே குடிவந்தார். அதே வருஷம் நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. 2020-இல் கொரோனா வந்து லேப்டாப் இருக்கிற இடமெல்லாம் ஆபீஸ் என்று ஆனபோது, ‘நாமும் போய்விட்டால் என்ன?’ என்று எத்தனை ஃபிளாட்டில் எத்தனை பேர் கணக்குப் போட்டிருப்பார்கள்! நீங்களும் போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன்.

கூடவே ஒரு வகைக் கட்டுரையும் பத்திரிகைகளில் பெருகியது. ‘லட்ச ரூபாய் சம்பளத்தை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பியவர்.’ படத்தில் ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியோடு நிற்பார். வேட்டியில் மண் இருக்காது. கட்டுரையில் காற்று சுத்தம், தண்ணீர் தித்திப்பு, மனிதர்கள் வெள்ளந்தி. இந்தக் கட்டுரைகளைவிட என் நண்பரின் புலம்பல் எவ்வளவோ மேலான இலக்கியம் என்பது என் கட்சி. புகழ்ச்சியில் ஊர் ஒரு காலண்டர் படம். புலம்பலில்தான் ஊருக்குக் காற்று, குரங்கு, பக்கத்து வீட்டம்மா, பிளம்பர் எல்லாம் வருகிறது.

ஊரைப் புகழவே கூடாதா? கூடும். மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலையையும், ஏன், குரங்குகளையும்கூட அப்படிக் கொண்டாடியிருக்கிறார். ஆனால் அவர் உள்ளூர்க்காரர். வடகம் காயப்போட்டுக் குரங்கிடம் இழந்த வீட்டிலிருந்து வருகிற புகழ்ச்சி வேறு, வார விடுமுறைக்கு வந்த காமிராவின் புகழ்ச்சி வேறு.

மண்ணுக்குத் திரும்பியவர் கட்டுரைகள் இரண்டு விஷயத்தைச் சொல்வதே இல்லை.

ஒன்று, பிளம்பர் ஏன் வரவில்லை? எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பழக்கம் உண்டு. விசாரித்துப் பார்த்தேன். ஜூனில் சீசன் ஆரம்பித்தால் குற்றாலத்தில் லாட்ஜ் லாட்ஜாகக் குழாய் ரிப்பேர். மூன்று மாதத்தில் சம்பாதித்தால்தான் மீதி ஒன்பது மாதம் ஓடும். சீசன் இல்லாதபோது செங்கோட்டையில் பஸ் ஏறினால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். கூலி அங்கே அதிகம். நடுவில் ஊர்க் கொடை, சொந்தத்தில் ஒரு கல்யாணம், ஒரு துஷ்டி. போகாமல் இருக்க முடியாது. ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை என்பதால் ‘நாளைக்கு வாரேன்’. அது தேதியல்ல, உபசாரம். ‘கூட்டத்தில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்று சென்னையில் நாம் சொல்கிறோமே, அதே ஜாதி.

இரண்டாவது இன்னும் முக்கியம். பிரான்ஸில் ஆங்கிலேயர் வாங்கியதில் பெரும்பாலும் பாழடைந்த வீடுகள். பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய், கூரை விழுந்து, உள்ளூரில் யாரும் சீந்தாமல் கிடந்தவை. நாம் அப்படிப் பழைய வீட்டைத் தேடிப் போகிறோமா? வயலைத்தான் வாங்குகிறோம். நேற்று வரை நாற்று நட்ட இடம். தென்காசியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பாருங்கள், நெல் நின்ற இடத்தில் மஞ்சள் கல், வண்ணக் கொடி, ஆர்ச். பச்சை வயலைப் பார்த்துக்கொண்டு வாழலாம் என்று ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்கினால், கடைசியில் பார்ப்பதற்கு எந்த வயல் மிஞ்சும்? பட்டணத்துப் பணம் வந்து இறங்கிய மண்ணில், குழாய் மாட்டுகிற பையன் தனக்கென்று ஒன்றரை சென்ட் வாங்க முடியுமா? சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் செல்ஃபி எடுக்க வயலுக்குள் இறங்குகிறார்கள். செடி மிதிபடுகிறது என்று விவசாயி குறைப்பட்டுக்கொள்கிறார். அதுவும் ஒரு புலம்பல்தான். அந்தப் புலம்பலை யாரும் புத்தகமாகப் போடுவதில்லை.

அப்படியானால் போகவே கூடாதா என்பீர்கள். குற்றாலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. வக்கீல், அறநிலைய வாரியத்தில் கமிஷனராக இருந்தவர், பெரிய இடத்து நட்புகள். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து, 1954-இல் அங்கேயே காலமானார். பீட்டர் மேலுக்கு விருந்தாளி என்றால் தலைவலி. டி.கே.சி.க்கு விருந்தாளிதான் வாழ்க்கை. ராஜாஜி, கல்கி முதல் பேர் தெரியாத இளைஞர் வரை வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, கம்பனைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன, தேடிப் படியுங்கள். அவருக்கு அது பூர்வீகச் சீமை, சௌகரியம் அதிகம் என்பது நியாயமான ஆட்சேபணை. ஆனால் அவர் ஊரை வேடிக்கை பார்க்க வரவில்லை, ஊருக்கு ஏதோ கொடுக்க வந்தார். வித்தியாசம் அங்கேதான். குடிபோகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பதும் அதைத்தான். மலை தெரியுமா என்று இடத்துக்காரரிடம் கேட்டீர்கள், சரி. உங்களால் ஊருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டீர்களா? உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு, நூலகத்துக்கு, கிராம சபைக்கு ஒரு தடவையாவது போனீர்களா?

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னால் போனை வைத்துவிடுவார். ‘அந்த பிளம்பர் வீடு எங்கே?’ என்று மட்டும் கேட்டேன். தெரியாது என்றார். ‘பேராவது?’ போனில் ‘பிளம்பர் 2’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாராம்.

நேற்று மறுபடி கூப்பிட்டார். குழாய் சரியாகிவிட்டதாம். நண்பரின் மனைவி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போயிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குக் கால் முறிந்து படுக்கையில். அதனால்தான் பதினோரு நாள். இந்தம்மா ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறார், குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஆள். மேல் வீட்டு டிசம்பர் பார்ட்டி ஞாபகம் வருகிறதா? லூபெரோனோ இலஞ்சியோ, வீட்டு அம்மாக்களுக்குத் தெரிகிற வழி எழுதுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

‘ஒரு விஷயம் கவனிச்சீங்களா சார்?’ என்றார் நண்பர். ‘இத்தனை நாள் என்னை சார்னுதான் கூப்பிடுவார். இன்னிக்குப் போறப்போ, வாரேன் அண்ணாச்சின்னார்.’

நான் வேறொன்றையும் கவனித்தேன். போன வாரம் ‘வாரேங்கிறான்’. இந்த வாரம் ‘கூப்பிடுவார்’.