அசுரன்: மகன் கற்றது

வெற்றிமாறனின் 'அசுரன்' 2019 அக்டோபரில் வெளிவந்தபோது அது படம் மட்டுமல்ல, பாடம் என்றார்கள். பிறகு தேசிய விருதுகள் வந்தன, தெலுங்கிலும் எடுத்தார்கள். கூச்சல் அடங்கிவிட்ட இந்த நேரத்தில் அந்தப் பாராட்டை அப்படியே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். படத்தில் ஒரு தகப்பன் இருக்கிறான். குடிக்கிறவன், பழைய ரத்தத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடக்கிறவன். அவன் கூடவே, அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்ட ஒரு பையன். இரண்டு பேரும் காட்டுவழியே ஓடுகிறார்கள். இந்த ஓட்டத்தில் பையன் தகப்பனிடம் என்ன கற்றான்? நான் படித்த விமர்சனங்கள் படம் நமக்குச் சொன்ன பாடத்தைப் பற்றியே பேசின. சிதம்பரத்துக்குக் கிடைத்த பாடத்தைப் பற்றிப் பேசவில்லை.

படத்தின் முதல் பகுதி நம் சினிமாவில் அபூர்வமாகவே சாத்தியமாகிற ஒன்று. இரவில் தண்ணீரைக் கடக்கிறார்கள். சிவசாமி அதிகம் பேசுவதில்லை. எங்கே கால் வைப்பது, எப்போது நிற்பது, எந்தச் சத்தத்துக்குப் பதுங்குவது என்பதெல்லாம் அவன் உடம்பில் இருக்கிறது. தனுஷ் தன் நட்சத்திரத்தனத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கிழட்டு உடம்பை அணிந்திருக்கிறார். தொங்கிய தோளும் தயங்கிய பார்வையுமாக அந்த உடம்பு பயத்தைக் காட்டுகிறது. இந்தப் பயம் கோழைத்தனம் அல்ல. அது ஒரு அறிவு. தலைமுறைகளாக உயிரைக் கொடுத்துச் சேர்த்த அறிவு. பையனுக்கு இது புரியவில்லை. அவனுக்குத் தகப்பன் குடிகாரன், பயந்தாங்கொள்ளி. இந்தப் புரியாமையில்தான் படத்தின் உண்மையான பிரச்னை இருக்கிறது.

மூத்தவன் வேல்முருகனை ஜெயிலிலிருந்து மீட்பதற்காகச் சிவசாமி எதிரி ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிற கட்டம் படத்தின் உச்சம் என்பது என் கட்சி. சண்டைக் காட்சிகள் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. பிள்ளை உயிரோடு வேண்டும். அதற்கு என்ன விலையோ கொடுக்கலாம் என்கிற ஒரு மனிதனின் கணக்கு அது. அந்த விலைக்கு வெளியே வந்த மகனால் அதைத் தாங்க முடியவில்லை. அவனுடைய ஆத்திரமும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதிக்கொள்கிற இடத்துக்குப் படம் வந்து நிற்கிறது.

இங்கே டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) ஞாபகத்துக்கு வருகிறது. சைக்கிள் திருடி மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் அடிபட்டுத் தலைகுனிந்து நடக்கிற தகப்பனின் கையைப் பையன் பிடித்துக்கொள்கிறான். வேறொன்றும் நடப்பதில்லை. அவமானப்பட்ட தகப்பனை அவமானத்தோடேயே ஏற்றுக்கொள்கிற அந்த ஒரு கணத்தில் பையன் பெரியவனாகிறான். சிதம்பரத்துக்கு அந்தக் கணத்தை வெற்றிமாறன் தரவில்லை. தன்னை வெட்ட வந்தவர்களைச் சிவசாமி ஆயுதம் எடுத்துச் சாய்த்த பிறகுதான் சிதம்பரம் தகப்பனை நிமிர்ந்து பார்க்கிறான். பின்னணி இசை முழங்குகிறது, இடைவேளை வருகிறது. காலில் விழுந்தவன் பெறாத மரியாதையை வெட்டியவன் பெற்றுவிடுகிறான். அதன்பின் வரும் ப்ளாஷ்பேக் இந்த மரியாதைக்கு ஒரு சர்டிபிகேட். செருப்பு அணிந்ததற்காக மாரியம்மாள் படும் அவமானமும், குடிசைகள் எரிவதும் உக்கிரமானவை. 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் எரிந்துபோன 44 பேரை நினைக்காமல் அந்தத் தீயைப் பார்க்க முடியாது. ஆனால் திரைக்கதையில் அந்தத் தீக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற வேலை, இவர் சாதாரண அப்பா இல்லை, ஒரு காலத்தில் பலரைச் சாய்த்தவர் என்று மகனுக்கு நிரூபிப்பதுதான்.

மூலமான பூமணியின் 'வெக்கை' (1982) நாவலில் இந்த நிரூபணத்துக்கே அவசியமில்லை. அங்கேயும் பையன் கொலை செய்கிறான். கையை மட்டும் வெட்ட நினைத்தது உயிரையே எடுத்துவிடுகிறது. அங்கேயும் தகப்பனும் மகனும் எட்டு நாள் ஒளிந்து திரிகிறார்கள். ஆனால் அவர்களுக்கிடையே முதல் பக்கத்திலிருந்தே ஒரு சிநேகம் இருக்கிறது. சோறு பொங்குகிறார்கள், தண்ணீர் தேடுகிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள். கரிசல் மண்ணும் செடிகொடிகளும் பையனுக்குப் பாடமாகின்றன. யாரும் அதைப் பாடம் என்று சொல்வதில்லை. சாதியின் பெயரைக்கூடப் பூமணி சொல்லவில்லை. வியாபார சினிமாவில் இதெல்லாம் நடக்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. இதே படத்தின் முதல் பகுதியில் அது நடந்திருக்கிறது. நடக்கும் என்று காட்டியவரே அதை நம்பாமல் விட்டதுதான் என் புகார்.

கடைசியில் கோர்ட் வாசல். மகனின் கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிவசாமி புத்தி சொல்கிறான். நிலம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், காசு இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது. படித்து அதிகாரத்துக்கு வா, வந்து அவர்கள் செய்ததை நீ செய்யாதே என்கிறான். நான் பார்த்த அன்று கைதட்டல் விழுந்தது. நானும் படித்துத்தான் ஒரு வங்கி நாற்காலிக்கு வந்தவன். படிப்பைக் குறைத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இந்தப் படம் எதைப் பற்றியது? பஞ்சமி நிலத்தைப் பற்றியது. அந்தச் சொல்லைத் திரையில் உரக்கச் சொன்னது அதன் தைரியம்.

அந்தச் சொல்லின் சரித்திரம் நான் வேலை பார்க்கும் பக்கத்தில்தான் தொடங்குகிறது. உத்திரமேரூர் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லா கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அனுப்பிய அறிக்கையின் பேரில்தான் 1892-ல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவானது. வேறு சாதியார் கைக்குப் போகக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் கைமாறிப்போயிற்று. 1994 அக்டோபர் 10-ல் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இதே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. ஜனநாயகத்தின் தொட்டில் என்று தலைவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதில் சபைக்கு வரத் தகுதி என்ன? முதலில் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும். அதாவது படிப்பு, வேண்டிய நிலத்தைப் பாதியாக்கும். நிலமே வேண்டாம் என்று ஆக்காது. குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுப்பது மட்டும் விவரம் அறியாத ஒரு சிறு பையனின் வேலை. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் கவுண்டரில் நான் கேட்பது சிட்டாவும் அடங்கலும். அவர் என்ன படித்திருக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

இரண்டரை மணி நேரம் நிலத்துக்காக எரிந்த ஒரு படம் கடைசி இரண்டு நிமிஷத்தில் நிலத்தை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்கிறது. ஒரு தகப்பன் அப்படிச் சொல்லலாம். சொல்லாமல் இருக்க முடியாது. பையன் உயிரோடிருக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே அரசியல். காலில் விழுந்ததும் இதற்காகத்தான். ஆனால் படத்துக்குத் தகப்பனின் ஆற்றாமையைவிட ஒரு அங்குலம் அதிகமாகப் பார்க்கிற பொறுப்பு உண்டு. அவன் இயலாமையில் சொன்னதையே தீர்வு என்று நம் கையில் கொடுப்பது சாமர்த்தியம், சிந்தனை அல்ல.

சிதம்பரம் கண்ணால் பார்த்துக் கற்றது ஒன்று: வெட்டினால் மரியாதை. காதால் கேட்டது மற்றொன்று: படித்தால் மரியாதை. இவை இரண்டும் நம் சினிமாவுக்குப் பழைய பாடங்கள். இரவில் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் கால் வைக்கத் தெரிந்த அந்த மனிதனிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைக் கற்றுக்கொள்ளப் பையனுக்கு அவகாசம் தரப்படவில்லை. நமக்கும்தான்.