மெர்சோ யாரை 'அவர்' என்பான்?

புதுச்சேரியின் சொல்தா வீடுகளில் இந்தக் காட்சி சாதாரணம். பாரீஸிலிருந்து பேரன் வாட்ஸ்அப்பில் ஆயாவோடு பிரெஞ்சில் பேசுகிறான். வாய்க்கு வாய் 'த்யூ' போடுகிறான். ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. அதே பையன் தமிழுக்கு மாறி "நீ சாப்டியா ஆயா?" என்றதும் அவன் அம்மாவின் குரல் குறுக்கே விழுகிறது: "நீங்கன்னு சொல்லுடா."

'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள் என்பது வகுப்புக்குப் போதும். நாவலுக்குப் போதாது. ஆல்பெர் காம்யுவின் 1942ஆம் ஆண்டு நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே 'அந்நியன்' என்று தமிழாக்கினார். க்ரியா 1980இல் வெளியிட்டது. அந்த நாவலைத் தமிழில் யோசிக்கும்போதெல்லாம் என்னை இடறுவது தத்துவம் அல்ல, இந்தச் சின்னச் சொற்கள்தான்.

பக்கத்து வீட்டு ரேமோனுக்காக மெர்சோ ஒரு கடிதம் எழுதித் தருகிறான். அது வரைக்கும் 'வூ' என்று பேசிய ரேமோன் 'த்யூ'வுக்கு இறங்கிவிடுகிறான். மெர்சோ அதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனிக்கிறான். இங்கிலீஷில் இருப்பது ஒரே 'யூ'. மொழிபெயர்ப்பாளர் வேறு ஏதாவது அடையாளம் தேடியாக வேண்டும். தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. குடித்துக்கொண்டே பேசுகிற ஆள் நடுவில் 'நீ' என்றால் நமக்குச் சுருக்கென்று தைக்கும். பிறகு ஒரு போலீஸ்காரர் அதே ரேமோனை 'த்யூ' போட்டுப் பேசி அறைகிறார். நட்புக்கும் அவமதிப்புக்கும் பிரெஞ்சில் ஒரே சொல். 1960 ஜூன் 30இல், காங்கோவின் விடுதலை நாள் உரையில், லுமும்பா இந்த 'த்யூ'வைத்தான் குற்றப்பட்டியலில் சேர்த்தார்: கறுப்பனை 'நீ' என்றது நண்பன் என்பதால் அல்ல, 'வூ' வெள்ளைக்காரர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால்.

இதுவரை தமிழ் சமாளித்துவிடும். சிக்கல் படர்க்கையில். பிரெஞ்சின் 'இல்', 'எல்' ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லும், மரியாதை பார்க்காது. தமிழ் வினைமுற்று பார்க்கும். ஸ்பானிஷ்காரர்களைப் போல நாமும் எழுவாயை விட்டுவிடலாம், ஆனால் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். நாவலின் முதல் வாக்கியத்திலேயே மெர்சோவின் அம்மா இறந்துவிடுகிறாள் — அல்லது இறந்துவிடுகிறார். 'ஆர்' போட்டால் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி மாதிரி இருக்கிறது. 'ஆள்' போட்டால் நெருக்கமா, அலட்சியமா? அம்மாவுக்காக அழவில்லை என்று கோர்ட்டில் குற்றம் சுமத்தப்படப் போகிறவனை முதல் வரியின் விகுதியே கூண்டில் ஏற்றிவிடுகிறது.

இன்னொன்று இதைவிடக் கனமானது. நீதிபதியும் 'இல்', கடற்கரையில் ஐந்து தோட்டா வாங்கிச் சாகும் அரபும் 'இல்'. காம்யு அந்த அரபுக்குப் பெயர்கூடத் தரவில்லை. இலக்கணம் மட்டும்தான் அவனுக்குச் சரிசமமான இடம் கொடுத்தது. தமிழில் கை தன்பாட்டுக்கு நீதிபதிக்கு 'அவர்', செத்தவனுக்கு 'அவன்' என்று எழுதும். (நானும் இப்போது அதைத்தான் செய்தேன்.) 2013இல் கமெல் தாவுத் தன் நாவலில் அவனுக்கு மூஸா என்று பெயர் வைத்தார். பெயர் வந்த பின்னும் மூஸா வந்தானா, வந்தாரா என்று தமிழ் கேட்கும்.

எல்லோருக்கும் 'அவர்' போட்டால் நாவல் நாளிதழ் நடைக்குப் போய்விடும். எல்லோருக்கும் 'அவன்' என்றால் மெர்சோ திமிர்பிடித்தவன் ஆகிவிடுவான். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேலதிகாரியை 'அவன்' என்கிறோமே, அதில் கோபம் இருக்கிறது. மெர்சோவிடம் அந்தக் கோபம் இல்லை, கடைசிப் பக்கங்கள் வரை.

அங்கே வருகிறவர் சிறைப் பாதிரியார். சொல்லிலேயே 'ஆர்' ஒட்டியிருக்கிறது. அவரை 'ஃபாதர்' என்று அழைக்காமல் வெறும் 'முசியே' என்றுதான் மெர்சோ கூப்பிடுகிறான். பிறகு வெடித்துக் கத்துகிறான். அந்த வசவு நேரடிப் பேச்சாக இல்லை, கதைசொல்லலாகவே ஓடுகிறது. பாதிரியார் தொடக்கத்திலும் 'இல்', முடிவிலும் 'இல்'. பிரெஞ்சால் அங்கே வேறு எதுவும் செய்ய முடியாது. தமிழால் முடியும். சட்டையைப் பிடிக்கிற அந்த நொடி வரைக்கும் 'அவர்', அதற்குப் பிறகு 'அவன்'. நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தால் அந்த ஒரு விகுதிக்காக நூறு பக்கம் காத்திருப்பேன்.