ஓவர்க்ளாக்கிங்: அந்த லாபம் இப்போது எங்கே?

ஓவர்க்ளாக்கிங் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தராசைத்தான் தூக்குகிறார்கள். ஒரு தட்டில் வேகம், மறு தட்டில் சூடு. நல்ல கூலர் ஒன்றை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். எனக்கு இந்தக் கணக்கிலேயே உடன்பாடில்லை.

முதலில், லாபம் எங்கிருந்து வந்தது? 1998இல் இன்டெல், செலரான் 300ஏ என்ற மலிவுவிலை பிராசஸரை விற்றது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால், பல சில்லுகள் 450 மெகாஹெர்ட்ஸில் அசராமல் ஓடின. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2க்கு நிறைய வேலைகளில் ஈடுகொடுத்தன. இதில் மாயம் ஒன்றுமில்லை. சில்லால் ஓட முடிந்த வேகத்துக்கும் கம்பெனி அதன் மேல் அச்சடித்த வேகத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. அன்றைக்கு அள்ளியது அதைத்தான்.

இன்று அந்த இடைவெளியைக் கம்பெனியே எடுத்து விற்கிறது. 2023 ஜனவரியில் வந்த கோர் ஐ9-13900கேஎஸ், நாம் எதையும் தொடாமலே டர்போவில் 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சில சதவீதம்தான். கொடுக்கும் விலையோ குறையவில்லை. சில்லின் மின்செலவு வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் 10% ஏற்றினால் மின்செலவு சுமார் 33% ஏறிவிடும்.

சூட்டைக்கூட விட்டுவிடலாம். எல்லை தாண்டினால் இன்றைய பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் பயம் வேறு: சத்தமில்லாமல் வரும் பிழை. நீலத் திரை வந்தால் அதிர்ஷ்டம் என்பேன், தப்பு நடந்தது தெரிந்துவிடுமே! ஒரு பிட் மட்டும் மாறி, அது அப்படியே ஃபைலில் சேவ் ஆகிவிட்டால்? ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடிச்சு, ஸ்டேபிள்தான் என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் அது சாட்சி. வோல்டேஜும் சூடும் கூடக்கூட சில்லு வேகமாக முதுமையடையும். இன்று போதுமான வோல்டேஜ் அடுத்த வருஷம் போதாமல் போகலாம்.

2024இல் நடந்ததைப் பாருங்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள், ஓவர்க்ளாக் செய்யாதவர்களிடமும் கிராஷ் ஆயின. அளவுக்கு மீறிய வோல்டேஜ் ஒரு காரணம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது, வாரண்டியை 2 வருஷம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. செய்தவர்களுக்கே எல்லை தவறுகிறது. பயாஸில் நாலு எண்ணை மாற்றுகிற நாம் எந்த மூலை? அவர்கள் தவறினால் வாரண்டி உண்டு. நாம் தவறினால் அதுவும் போகக்கூடும்.

சரி, அப்போ வேண்டவே வேண்டாமா? கேமுக்கென்று தனி கம்ப்யூட்டர் இருந்தால் தாராளமாக விளையாடுங்கள். சில்லு எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் ஆய்வுக் கணக்கும் குடும்ப போட்டோவும் இருக்கிற மெஷினில் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே தலைகீழாகச் செய்யுங்கள்: பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். உயர்ரக பிராசஸர்களில் வேகம் சிறிதுதான் குறையும், சூடு நிறையவே குறையும்.