போர்ட்டிகோவில் கார் பெயிண்ட்

கதவில் ஒரு கீறல், பம்பர் முனையில் ஓர் உரசல் என்றால் பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே பெயிண்ட் அடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரே டப்பா கடையில் கிடைக்கிறது. சின்ன கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வாங்கிவிடலாம். செய்துகாட்டும் காணொளிகளுக்கும் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலும் இரண்டு காட்சிகள்தான் முன்னால் நிற்கும்: பெயிண்ட் அடிக்கும் கை லாகவம், அடித்தபின் தெரியும் குறைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வித்தை. இரண்டுக்கும் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறோம் என்றே நினைக்கிறேன். வீட்டு வேலைக்குப் பட்டறையிடம் இல்லாத ஒரே பலம், யாரும் அவசரப்படுத்துவதில்லை என்பது. அந்தப் பலத்தைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

இந்தத் தொழிலின் வரலாறே வேகத்தின் வரலாறு. 1923-இல் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ பெயிண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. வார்னிஷ் காய்வதற்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்த வேலை சட்டென்று சுருங்கியது. இன்றைய பட்டறையும் வண்டியை நாளைக்கே கொடுத்தாக வேண்டிய நெருக்கடியில்தான் இயங்குகிறது. பள்ளத்தை நிரப்பும் பட்டியும் அதன்மேல் அடிக்கும் பிரைமரும் முழுக்கக் காய்வதற்குள் மேல் கோட் ஏறிவிடுகிறது. உள்ளே தங்கிய தின்னர் மெதுவாக வெளியேறும்போது பிரைமர் அமுங்கும். எமரித் தாளின் கோடுகள் சில வாரம் கழித்துப் பளபளப்புக்கு அடியிலிருந்து எழுந்து வரும். வீட்டில் இருப்பவர் பிரைமர் அடித்த கதவை ஒரு வாரம் அப்படியே விட்டுவைக்கலாம். அதன்மேல் கறுப்பு பெயிண்டை லேசாகத் தூவி, கட்டை வைத்துத் தேய்த்தால், கறுப்பு போகாத இடமெல்லாம் பள்ளம் என்று தெரிந்துவிடும். பட்டிக்கு 80, 180, 320 எண் எமரித் தாள் என்று படிப்படியாக ஏற வேண்டும். பிரைமருக்கு 400 தொடங்கி 600 வரை, தண்ணீர் விட்டே தேய்க்கலாம். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் நம் பட்டறைகளில் பழகிப்போன முறைதான். ஆனால் பட்டி தண்ணீரைக் குடிக்கும். குடித்த ஈரம் பின்னால் கொப்புளமாக எழும், அடியில் துருவும் பிடிக்கும். தூசி பறந்தாலும் பட்டியை உலர்வாகவே தேய்ப்பது நல்லது.

வீட்டில் அடிப்பவரை அதிகம் அழவைப்பது வட்ட வட்டமான சின்னக் குழிகள். பெயிண்ட் விழுந்த நொடியிலேயே விலகி, அடித்தளம் கண்போலத் தெரியும். காரணம் பெரும்பாலும் சிலிக்கோன். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடும் பாலிஷ்கள் பலவற்றில் அது இருக்கிறது. காரை வாராவாரம் அதே போர்ட்டிகோவில் நிறுத்தி மினுக்கியவர் வீட்டில், பழைய துணியில்கூட அது ஒட்டியிருக்கும். கழுவாமல் தேய்க்கத் தொடங்கினால் கீறல்களுக்குள் புகுந்துவிடும். அதனால் வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தை ஒரு துணியில் தோய்த்துத் துடைத்து, அது உலர்வதற்குள் வேறொரு புதுத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகே எமரி. தேய்த்து முடித்ததும் மறுபடி துடைப்பு. இவ்வளவுக்குப் பிறகும் குழி விழுந்தால், மேலும் மேலும் பெயிண்டைக் கொட்டி நிரப்பக் கூடாது. நிறுத்திக் காயவிட்டு, தேய்த்து, சுத்தம் செய்து, பனிபோல மெல்லிய கோட்களாகத் தொடங்க வேண்டும்.

சென்னை போன்ற கடலோர ஊரில் வானிலையும் ஒரு தரப்பு. தின்னர் ஆவியாகும்போது தகட்டைக் குளிர்விக்கிறது. ஐப்பசி, கார்த்திகையின் ஈரக் காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பெயிண்ட் வெளுத்துப் புகை மண்டியதுபோல் ஆகிவிடும். டூகோ வகைப் பெயிண்டில் இது இன்னும் அதிகம். தகட்டின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் கணக்கு. சித்திரை வெயிலில் சிக்கல் தலைகீழ். துளி தகட்டைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். அப்போது மெதுவாக உலரும் தின்னர் வேண்டும். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். கோடையில் அது நல்ல யோசனை. மழைக்காலத்தில் அதே தண்ணீர் ஈரத்தைக் கூட்டி வேறு குறையைக் கொண்டுவரும். தெளிப்பதா வேண்டாமா என்று குழம்புவதைவிட வேலையைத் தள்ளிப்போடலாம். வீட்டில் அடிப்பவருக்கு மட்டுமே அந்த வசதி உண்டு.

இனி, தேய்த்துச் சரிசெய்வது. வழிந்த இடத்தையும் சொரசொரப்பையும் 1500, 2000 வாட்டர் பேப்பரால் சமன் செய்து, ரப்பிங் கம்பவுண்ட் போட்டால் கண்ணாடிபோல் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 60 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தப் படலமே. தேய்த்து மெலிந்த இடம் நம் ஊர் வெயிலில் முதலில் மங்கும், பிறகு உரியும். கதவின் விளிம்புகளில் படலம் இயல்பாகவே மெலிந்திருப்பதால் அங்கே இரண்டு இழுப்பிலேயே அடி நிறம் தெரிந்துவிடும். கதவின் கீழ்ப்பகுதியில் ஒட்டிய ஒரு தூசிக்காக இந்த ஆபத்தை ஏற்பது தகாது. விட்டுவிடலாம்.

மெட்டாலிக் நிறத்தில் தேய்ப்புக்கு இடமே இல்லை. அதிலிருக்கும் அலுமினியத் துகள்கள் ஈரமான கோட்டில் படிந்து கருமையாகவும், உலர்ந்த கோட்டில் மேலே நின்று வெளிர்நிறமாகவும் தெரியும். ஒரே டப்பா, ஒரே கை, ஆனாலும் திட்டுத் திட்டாக வரும். பட்டறைக்காரர் பக்கத்துத் தகடுவரை நிறத்தைக் கலைத்துக் கொண்டுபோய் ஒளித்துவிடுவார். வீட்டில் அது கடினம். சாதா வெள்ளை என்றால் துணியலாம். சில்வர் என்றால் துணிய வேண்டாம்.

எனக்குப் பெரிய ஆட்சேபம் ஹார்ட்னர் கலக்கும் கிளியர் மேல். டப்பாவில் வரும் சாதாரண கிளியர் பெட்ரோல் பட்டாலே மழுங்கும். ஹார்ட்னர் கலந்தது பல ஆண்டு நிற்கும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தெறிதுளியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சைத் திணறடிக்கும். ஆபத்தான அளவை மூக்கு கண்டுபிடிக்காது. தூசிக்குப் போடும் முகமூடி இதற்குப் பயன்படாது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். அடுத்த வீட்டு ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தெருவில், அப்படி முகமூடி போட்டு அடித்தாலும் நாம் மட்டும்தான் தப்புவோம்.

ஆகவே பாதி வேலையை வீட்டில் செய்யலாம் என்பேன். பட்டி, பிரைமர், காத்திருப்பு, தேய்ப்பு எல்லாம் நம்முடையது. கலரையும் கிளியரையும் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் கலர் கோட்டான பேஸ் கோட் மேல் குறித்த நேரத்துக்குள் கிளியர் ஏறாவிட்டால் ஒட்டாது. அடுத்தவர் போட்ட அடித்தளத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்று சில பட்டறைக்காரர்கள் மறுப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எந்தப் பட்டி, எந்த பிரைமர், எத்தனை நாள் காய்ந்தது, கடைசியாக எந்த எண் தாள் என்று தகவலோடு, கழற்றிய பம்பரைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பலர் சம்மதிப்பார்கள்.