கார்புரேட்டர் ஒழுகினால் மேனுவல் என்ன சொல்லும், என்ன சொல்லாது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் கொஞ்சமாவது எட்டிப் பார்த்தவர்களுக்கு ஹேன்ஸ் மேனுவல் தெரிந்திருக்கும். ஜான் ஹேன்ஸ் பிரிட்டிஷ் விமானப்படை வேலையாக ஏடனில் இருந்த சமயம், கூட வேலை செய்தவர் ஒரு ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் வாங்கினார். இரண்டு பேரும் சேர்ந்து அதை அக்கக்காகக் கழற்றி, திரும்பப் பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தார்கள். ஸ்ப்ரைட்டுக்கான முதல் மேனுவல் 1966-ல் வந்தது. அதற்கப்புறம் வந்த நூற்றுக்கணக்கான புத்தகங்களும் அதே முறைதான்: நிஜமாகவே ஒரு வண்டியைக் கழற்று, படம் எடு, எழுது.

இந்தப் புத்தகங்கள் எனக்குப் பிடிக்கும். எண்ணெய் படிந்த கை, பக்கத்தில் ஒரு ஸ்பானர், கீழே நாலு வரி. அலட்டல் இல்லாத எழுத்து. ஆனால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகும்போது புத்தகத்தைத் திறந்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். காரணம் அந்த முறையிலேயே இருக்கிறது. கழற்றிய வரிசையில் எழுதப்பட்ட புத்தகம் பாகங்களின் வரிசையில்தான் யோசிக்கும். ஒழுகல் என்பது ஒரு பாகம் இல்லை. அது டாங்கில் ஆரம்பித்து பம்ப், மிதவை, ஊசி வால்வு, ஜெட் என்று பல அத்தியாயங்களைக் கடந்து வருகிற சங்கதி. கடைசியில் பழுது கண்டுபிடிக்க ஒரு அட்டவணை இருக்கும், உண்மைதான். ஆனால் அதில் எல்லாக் காரணமும் ஒரே வரிசையில் சம உரிமையோடு நிற்கும். எதை முதலில் பார்ப்பது என்று அது சொல்லாது.

இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கும் தேவிகாபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்குங்க. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின், அதற்கு இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர். அதே 1489 சிசி எஞ்சின்தான் ஒற்றை எஸ்.யு.வோடு நம்ம அம்பாசிடரில் வருஷக்கணக்காக ஓடியது. பட்டுப் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய்வந்த அம்பாசிடர்களின் பானெட்டுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் தம்பி உட்கார்ந்திருந்தான்.

எஸ்.யு. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன். காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்களின் கண்டுபிடிப்பு. முதலில் செய்த கார்புரேட்டரில் காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்க தோல் துருத்தி வைத்திருந்தார்கள் (செருப்புக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்!). பிறகு அந்த இடத்துக்கு உலோக பிஸ்டன் வந்தது. வேலை செய்கிற விதம் எளிமை. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு மிதவை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்குமே, அதே வேலைதான். பெட்ரோல் மட்டம் ஏறினால் மிதவை ஏறி, ஊசி வால்வு மூடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எம்.ஜி.ஏ.விலும் சரி, அம்பாசிடரிலும் சரி, கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாய்களும் எஞ்சினின் ஒரே பக்கம். மேலே பெட்ரோல், கீழே கொதிக்கிற இரும்பு. ஒழுகினால் மைலேஜ் மட்டும் போகாது, வண்டியே எரியலாம். அதனால்தான் "கிட் போட்டாச்சு, பார்ப்போம்" என்கிற பேச்சு எனக்கு எரிச்சலைத் தருகிறது.

கிட் என்றால் வாஷர், கேஸ்கட், ஊசி வால்வு எல்லாம் அடங்கிய ஒரு சின்னப் பொட்டலம். எங்க பக்கம் ஒரு பட்டு வியாபாரியின் அம்பாசிடருக்கு இரண்டு வருஷத்தில் மூன்று கிட் மாட்டினார்கள். ஒழுகல் நிற்கவே இல்லை. கடைசியில் வயசான மெக்கானிக் ஒருத்தர் கார்புரேட்டரைத் துடைத்துக் காயவைத்து, மேலே கோலமாவைத் தூவினார். "அண்ணே, இது எதுக்கு?" என்றேன். "எங்க முதல்ல நனையுதுன்னு பாருப்பா" என்றார். கிண்ணத்தின் மூடியில் இருக்கும் வழிகுழாய்ப் பக்கம்தான் முதலில் நனைந்தது. அப்படியென்றால் உள்ளே வரும் பெட்ரோலை ஊசியால் தடுக்க முடியவில்லை. ஊசி புதுசு. மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே சலசலப்பு இல்லை, வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரவில்லை. ஓட்டை இல்லாத மிதவை. மிச்சம் இருந்தது பம்ப். யாரோ வேறு வண்டியின் எலெக்ட்ரிக் பம்பைப் பூட்டியிருந்தார்கள். எஸ்.யு. ஊசி சுமார் 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கும். அதற்கு மேல் தள்ளினால் புதுசோ பழசோ, திறந்துவிடும். கார்புரேட்டர்மேல் தப்பே இல்லை.

எங்க ஊரில் தறியில் பாவு இழை அறுந்தால், நெய்கிறவர் துணியில் தெரியும் கோட்டைப் பிடித்துக்கொண்டு அச்சு, விழுது என்று பின்னாலேயே போய் அறுந்த முனையைத் தேடுவார். அச்சை மாற்றுகிறேன் என்று கிளம்பமாட்டார். மேனுவலில் நான் தேடுவது இந்தப் பின்னோக்கிய பாதையைத்தான். ஈரம் மூடியிலா, ஜெட்டின் அடியிலா, கிண்ணத்தைப் பூட்டும் போல்ட்டிலா என்பதில் பாதி பதில் வந்துவிடும். பழைய எச் வகை எஸ்.யு.வில் ஜெட் மேலும் கீழும் நகரும். அதைச் சுற்றி கார்க் வளையங்கள். வண்டி மாசக்கணக்கில் நின்றால் கார்க் காய்ந்து சுருங்கி, அடியில் சொட்டும். பின்னால் வந்த எச்.எஸ். வகையில் அந்தக் கார்க்கே கிடையாது, கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்கு ஒரு நைலான் குழாய் வரும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்லும் வீடியோக்களை என்னவென்று சொல்ல?

வீடியோக்கள் மேனுவலின் குறையை அப்படியே வாங்கிக்கொண்டன. அதன் பொறுமையை மட்டும் விட்டுவிட்டன. கழற்று, கழுவு, பளபளப்பாக்கு, பூட்டு. பாட்டு ஒன்று பின்னணியில். எங்கிருந்து ஒழுகியது என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

இப்போது எல்லாப் பழியும் எத்தனால்மேல். 20 சதவீதக் கலப்பு 2023-ல் சில பம்புகளில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய ரப்பரை அது கெடுக்கும், டாங்கில் படிந்த பிசினைக் கிளப்பி ஊசி வால்வில் கொண்டுவந்து வைக்கும். இதெல்லாம் சரிதான். ஆனால் இதைவிட நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சையே காணோம். பழைய மெக்கானிக்குகள் கேஸ்கட்டுக்கு அரக்கு, அதாவது ஷெல்லாக், தடவுவார்கள். பெட்ரோல் அரக்கைக் கரைக்காது, அதனால் அது நல்ல யோசனையாக இருந்தது. ஆனால் மர பாலிஷ் போடுகிற எந்த ஆசாரியைக் கேட்டாலும் அரக்கு எதில் கரையும் என்று சொல்வார்: ஸ்பிரிட்டில். அதே ஆல்கஹால்தான் இன்றைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு. நேற்றுவரை சரியாக இருந்த கைவைத்தியம் இன்றைக்கு இளகிக் கொடுக்கும். எத்தனாலைத் திட்டுவதற்கு முன்னால், பூட்டும்போது என்ன தடவினார்கள் என்று கேட்பது நல்லது.

இன்னொரு வகை ஒழுகல் உண்டு, அது மேனுவல்களில் ரொம்ப மெலிதாகத்தான் வரும். குளிர்நாட்டில் எழுதிய புத்தகம், வேறென்ன செய்யும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறீர்கள். காற்று ஓட்டம் நின்றதும் எஞ்சின் சூடு முழுக்க மேலே ஏறும். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து வெளியே தள்ளும். கால் மணி நேரத்தில் வாடை, ஈரம். விடிகாலையில் பார்த்தால் எல்லாம் உலர்ந்து கிடக்கும். குளிர்ந்த எஞ்சினில் ஒழுகாமல், சூட்டில் நிறுத்தினால் மட்டும் ஒழுகினால் கிட் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூடு கடத்தாத தடித்த அடுக்கு ஒன்று இருக்க வேண்டும். எம்.ஜி.ஏ.வில் வெப்பத்தைத் தடுக்க ஒரு தகடும் உண்டு. அவை இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் யாரோ எப்பவோ கழற்றி, திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள்.