கோலை எடுத்தவன் பயந்தவனா?

மலாக்காவில் உறுமி தெரிந்தவர்கள் எல்லாரும் இப்போது ஒரே பல்லவிதான்: "பையன் மேடையில டல்லாயிட்டான்." வெளிநாட்டு இளையோரோடு நம் பிள்ளைகள் சேர்ந்து வாசித்த கூட்டு நிகழ்ச்சியைத்தான் சொல்கிறார்கள். காணொளி பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். விருந்தாளிகளின் கொம்பாங் கைமேளம் சூடுபிடித்த நேரத்தில், ஜாசின் பக்கத் தோட்டத்துப் பையன் வளைகோலைத் தோலிலிருந்து எடுத்துவிட்டான். உறுமல் நின்றது. அதற்குத்தான் இத்தனை வசவு.

அன்று மேடையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்கிறேன் நான்.

உறுமியின் இடத்தோலில் வளைகோலை அழுத்தித் தேய்த்தால் வரும் ஓசை இழுபடும், வழுக்கும், அடங்க நேரமெடுக்கும். கொம்பாங் நேர் எதிர். ஆட்டுத்தோலில் கை பட்டதும் ஓசை எழும், எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் அடியைச் செருகித்தான் அந்த வாசிப்பே பின்னப்படுகிறது. அந்தச் சந்துகளில் நம் உறுமல் புகுந்தால் பின்னல் போய்விடும், மிஞ்சுவது வெறும் இரைச்சல்.

தாளக் கணக்கு வேறு இடித்தது. பையனின் காவடி அடி மூன்றில் துள்ளுகிறது, கொம்பாங்காரர்கள் நான்கில் நடக்கிறார்கள். இரண்டும் பன்னிரண்டில்தான் வந்து சேரும். வலக்கையில் மெல்லிய குச்சியை மட்டும் ஓடவிட்டு அவன் நின்றான். முதல் பன்னிரண்டை விட்டான். அடுத்ததையும் விட்டான். மூன்றாவதில் ஒரே ஓர் இழுப்பு. எதிரே கொம்பாங் பிள்ளைகள் சட்டென்று தலைநிமிர்ந்து பார்ப்பதைக் காணொளியில் ஓட்டிப் பாருங்கள். பயந்தவன் பன்னிரண்டை எண்ணிக்கொண்டு நிற்க மாட்டான். எப்போது முடியும் என்று மாஸ்டர் முகத்தைப் பார்ப்பான்.

இதை அவனுக்கு எந்தப் பட்டறையும் சொல்லித் தரவில்லை. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் பக்கம் போய் நின்று கேட்டிருந்தால் புரியும். நல்ல உறுமிக்காரன் அருள் வந்தவரின் காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பான். கால் தடுமாறினால் அடி இறங்கும், கால் நிலைத்தால் ஏறும். எதிராளியைப் பார்த்து வாசிப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைவந்த வித்தை. நாம்தான் போட்டி மேடைகளில் வேகத்துக்கும் சுழற்றலுக்கும் கைதட்டி அதைக் கெடுத்தோம்.

எதிராளிக்குக் காத்திருப்பது இந்த ஊருக்கே தெரிந்த சங்கதிதான். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய டொண்டாங் சாயாங் பாட்டை மலாய்க்காரர், பாபா ஞோஞா, போர்த்துகீசியரோடு நம் காஜா பெராங் செட்டிகளும் பாடுகிறார்கள். எதிர்ப்பாட்டுக்காரர் தன் பந்துன் செய்யுளை முடிக்கும்வரை காது கொடுக்காதவர் அங்கே பதில் பாட முடியாது. அங்கே பொறுத்திருப்பவரைத் தேர்ந்த பாடகர் என்போம். உறுமிக்காரன் பொறுத்தால் மட்டும் டல்லா?

கோளாறு பரிமாற்றத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்களிடம் இருக்கிறது. 1974இல் ஜப்பான் தொடங்கிய தென்கிழக்காசிய இளையோர் கப்பல் பயணத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கலையைக் காட்டத் தனி மேடை உண்டு. அங்கே ஜோகெட், சிங்க நடனம், கொஞ்சம் பரதம், கடைசியில் வேகமான மேளம் என்று கோத்துக் கொடுக்கலாம், தப்பில்லை. கூட்டு வாசிப்புக்கும் அதே கண்ணோடு ஆள் பிடிப்பதுதான் தப்பு. விருந்தாளியை முழுங்கிவிட்டு நாம் ஜெயித்தோம் என்று திரும்பி வருவதற்கு எதற்குப் பரிமாற்றம்? ஆம், தோட்டத்துப் பிள்ளைகள் பக்கம்தான் சாய்ந்து பேசுகிறேன். நடுநிலைக்கு வேறு பத்தி பாருங்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த உள்ளூர்த் தேர்வில் அவனைக் கழித்துவிட்டு, தலைக்குமேல் மேளத்தைத் தூக்கிச் சுற்றுபவனை எடுப்பார்கள். வெளியிலிருந்து வருகிற அழைப்போ பெயர் தெரியாமல், "அந்த நிறுத்திய பையன்" என்று கேட்டு வரும். இரண்டே வருடத்தில் மெர்லிமாவிலிருந்து அலோர் காஜாவரை ஒவ்வொரு குழுவும் பாட்டு நடுவில் கோலைத் தூக்கி நிற்கும். நடுவர்கள் அதற்கும் ஒரு கட்டம் போட்டுப் புள்ளி கொடுப்பார்கள். கொம்பாங் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் மூன்றாவது பன்னிரண்டில் எல்லாரும் ஒரே மாதிரி இழுப்பார்கள். அப்போது அவன் நிறுத்தாமல் வாசிப்பான், அதற்கும் திட்டுவார்கள்.